இரண்டு பேர் போய் ஒருவர் திரும்புவது

அந்துப்பூச்சி பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் ஒரு நல்ல படுக்கை விரிப்பு வாங்க வேண்டும். வெள்ளையாகவும் பருத்தியாகவும் இருக்க வேண்டும். வழவழப்பான துணியில் பூச்சிக்குக் கால் பிடிக்காது. கோடையில் காற்றில்லாத இரவாகப் பார்த்து, துணி காயப்போடும் கொடியில் அதை விரித்துக் கட்டி, முன்னால் ஒரு விளக்கை வைத்துவிட்டால் போதும். மற்றதைப் பூச்சிகள் பார்த்துக்கொள்ளும். முதலிலிருந்து சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்டதால் இங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

அதற்கு முன் பதினோரு வருடம் ஒரு குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை பார்த்தேன். ஆறு அறைகள். அரை மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு அறையின் வெப்பநிலையையும் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். எப்போதும் மைனஸ் பதினெட்டுதான். ஒரு நாள் அதிகாலை மூன்றரை மணிக்குப் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். திரும்பிப் போகவில்லை. பலரும் காரணம் கேட்டார்கள். சொல்வதற்குக் காரணம் இருக்கவில்லை.

அக்கா வீட்டுப் பின்னறையில் தங்கினேன். அவள் கதவைத் திறந்ததும் கேட்டது ஒரே கேள்வி. "இதுவும் போச்சா?" கல்லூரியைப் பாதியில் விட்டபோதும் அதைத்தான் கேட்டாள். நிச்சயம் செய்த கல்யாணத்திலிருந்து நான் விலகியபோதும் அதைத்தான் கேட்டாள். அவள் திட்டுவதில்லை. கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துவைப்பாள்.

உடம்பு மட்டும் இரவு வேலையை விடவில்லை. ராத்திரி தூக்கம் வராது. பகலில் எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுவேன். பேருந்து நிறுத்தத்தில் தூங்கியிருக்கிறேன், முடி வெட்டும் நாற்காலியில் தூங்கியிருக்கிறேன். என்னைத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். இது முக்கியம் என்பதால் சொல்கிறேன்.

ராத்திரியைக் கழிக்கத்தான் பூச்சிகள். ஒரே கோடையில், ஒரே கொல்லையில், நூற்று நாற்பது வகை. அத்தான் சாப்பாட்டு மேசையில் சொல்வார்: "மச்சான் இப்ப பூச்சிக்கு டூட்டி பாக்குறான். சம்பளம்தான் இன்னும் பேசி முடியல." நான் சிரிப்பேன். படங்களை இந்த ஊரின் உயிரினக் கணக்கெடுப்புக் குழுவுக்கு அனுப்பினேன். முப்பது பேர் கொண்ட குழு, தலைவி ஒரு பல் டாக்டர். என் முதல் படத்துக்கு வந்த முதல் பதில் இது: "யாருய்யா இது, விடியக்காலம் ரெண்டரைக்குப் பூச்சி அனுப்புறது? ஆந்தையா?"

எழுதியவன் லென்ஸ். அன்றிலிருந்து குழுவில் எனக்குப் பெயர் ஆந்தை.

லென்ஸ் அக்கா வீட்டுத் தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, நாற்பத்தேழு. அகலமான உடம்பு, வலது முழங்கால் சரியில்லை, படி ஏறும்போது ஒவ்வொரு படியையும் தனித்தனியாகத் திட்டுவான். அவனுக்குப் பொய் சொல்ல வராது என்பது ஊரறிந்த விஷயம். நான் கண்ணைச் சோதிக்கப் போன அன்று ஒரு அம்மா புதுக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பார்த்து, "எனக்கு இது நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. மீன் தொட்டிக்குள்ள இருந்து எட்டிப் பாக்குற மாதிரி இருக்கு. வேற பாப்போம்."

அந்த அம்மா கோபித்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் திரும்பி வந்து அவனிடமே வாங்கினார். அவன் கடை ஓடியது அப்படித்தான். அவன் ஒன்றைச் சரி என்று சொன்னால் அது சரியாக இருக்கும். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கோடையில் டாக்டர் என்னைக் கடற்கரைக்கு அனுப்பினார். கரையிலிருந்து அறுநூறு மீட்டரில் ஒரு பாறை இருக்கிறது, நீங்களும் இப்போது பார்த்துவிட்டீர்கள். கோடையில் அங்கே ஆலாக்கள் முட்டையிடும். வெள்ளையாக, மெலிந்து, பிளந்த வாலோடு இருக்கும் கடல் பறவை. அறுநூறுக்கு மேல் இருக்கும். கடல் வற்றியிருக்கும்போது நடுவில் கற்கள் வெளியே வரும், நடந்தே போகலாம். ஏறிவிட்டால் படகுதான். பாறையின் கீழ்த்திட்டில் குழு ஒரு பலகைப் பெட்டி செய்து, பாறையோடு இரும்பு ஆணியடித்து வைத்திருக்கிறது. ஒரு ஆள் முக்காலியில் உட்காரலாம், நிமிர்ந்து நிற்க முடியாது. முன்பக்கம் கண் மட்டத்தில் கீறல் மாதிரி ஒரு இடைவெளி, பின்பக்கம் கதவு. அதற்குள்ளிருந்து பார்த்தால் பறவைகள் கை நீட்டும் தூரத்தில் இருக்கும்.

பெட்டிக்குச் சில விதிகள் உண்டு. எதையும் நான் போட்டதில்லை.

ஒருவர் தனியாகப் போய் உள்ளே உட்கார்ந்தால் பறவைகள் மணிக்கணக்கில் அடங்காது. ஆள் உள்ளே இருப்பது அவற்றுக்குத் தெரியும். ஆனால் இரண்டு பேர் போய், ஒருவர் உள்ளே இருக்க, மற்றவர் எல்லாப் பறவையும் பார்க்கும்படி நடந்து திரும்பிவிட்டால், பத்து நிமிடத்தில் அமைதியாகிவிடும். பறவைகளுக்கு எண்ணத் தெரியாது. வந்த ஆள் போய்விட்டான் என்று நினைத்துக்கொள்ளும். திரும்புகிற ஆள் கதவை வெளியிலிருந்து தாழிட வேண்டும், இல்லாவிட்டால் கடல் காற்றில் கதவு அடித்துப் பறவைகள் கலையும். உள்ளே இருப்பவரின் தொலைபேசியையும் அவரே வாங்கிக்கொண்டு போக வேண்டும், ஒரு மணி அடித்தால் போதும், அறுநூறு பறவையும் எழும்பிவிடும். கடைசி விதி, உள்ளே இருப்பவர் என்ன ஆனாலும் சத்தம் போடக்கூடாது. பெரிய பறவைகள் எழும்பினால் குஞ்சுகள் பயந்து ஓடும், விளிம்பிலிருந்து தண்ணீரில் விழும்.

பெட்டிக்குள் உட்கார யாருக்கும் ஆசையில்லை. வெக்கை, எச்ச நாற்றம், காலில் ஏறும் உண்ணி. அசையாமல் உட்காருவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை. ஆகவே நான் உட்கார்ந்தேன். என்னை அழைத்துப்போய்த் தாழிட்டுத் திரும்பியவன் லென்ஸ். தினமும் கடல் வற்றும் நேரத்துக்கு அந்த முழங்காலோடு கற்களைத் தாண்டி வருவான், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி வந்து என்னை அழைத்துப்போவான். நாற்பது நாளில் ஒரு நாளும் அவன் தாமதமாக வந்ததில்லை.

முதல் நாள் பெட்டிக்கு மேலே ஒரு ஆலா பறந்து போனது. அலகு கறுப்பாக இருந்த மாதிரி இருந்தது. மார்பில் லேசாக ரோஜா நிறம் இருந்த மாதிரி இருந்தது. குழுவில் அதை ரோஜா ஆலா என்பார்கள், இந்தக் கரையில் கூடு கட்டி யாரும் பார்த்ததில்லை. அன்று மாலை குழுவுக்கு எழுதினேன். என் வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு பதில்கள் வந்ததில்லை. டாக்டர் நேராகவே அழைத்தார்.

"கூடு இருக்கா ஆந்தை? பாத்தீங்களா?"

"இருக்கு டாக்டர்" என்றேன்.

அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு எதையும் நான் யோசித்துச் செய்யவில்லை. கூடு இருந்தால் முட்டை இருக்க வேண்டும். மறுநாள் ஒரு முட்டை எழுதினேன், மூன்றாம் நாள் இன்னொன்று. எத்தனை நாள் அடைகாக்கும் என்று புத்தகத்தில் பார்த்து இருபத்து நான்காம் நாள் குஞ்சு பொரித்ததாக எழுதினேன். இரண்டு குஞ்சு. பெரியது துறுதுறுப்பு, சின்னது கொஞ்சம் சோணி. ஒரு நாள் சின்னதுக்கு மீன் தொண்டையில் சிக்கிக்கொண்டது, அப்பன் பறவை வந்து இழுத்துப் போட்டது. அந்தப் பதிவை டாக்டர் தன் மருத்துவமனைச் சுவரில் ஒட்டியிருந்தார் என்று லென்ஸ் சொன்னான். பல் வலியோடு வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுச் சின்னக் குஞ்சு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்களாம்.

அக்காவும் படித்தாள். அத்தானிடம் அவள் சொன்னது பின்னறைவரை கேட்டது. "அவன் சொன்னா அங்க எல்லாரும் நம்புறாங்களாம்." அதைச் சொல்லும்போது அவள் குரல் எப்படி இருந்தது என்று என்னால் உங்களுக்குச் சொல்லிக் காட்ட முடியாது. நாற்பத்தேழு வயதில் முதல் தடவையாகக் கேட்டேன்.

நான் தெளிவாகவே சொல்கிறேன். பாறையில் கூடு இல்லை. அந்தக் கீறல் வழியாக ஒவ்வொரு அங்குலத்தையும் நாற்பது நாள் பார்த்திருக்கிறேன். ரோஜா ஆலாவின் கூடு அங்கே இருக்கவில்லை.

பயம் எப்போது வந்தது என்று கேட்டீர்கள். முப்பத்தாறாம் நாள். அன்று டாக்டர் குழுவுக்கு எழுதினார்: கோடைப் பட்டியல் அச்சுக்குப் போகிறது, அதை வைத்துப் பாறைக்குப் பக்கத்தில் படகுகள் வராமல் தடை கேட்கப் போகிறோம். ஒரே ஆள் பார்த்த அரிய பறவைக்கு எதிரே கேள்விக்குறி போடுவது குழுவின் வழக்கம். இரண்டாவது ஆள் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் அது நீங்கும். யாராவது ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தெருவில் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால், தெரிந்துவிட்டதோ என்று நின்றுவிடுவேன். அக்கா என் அறைக் கதவைத் தட்டும்போதெல்லாம் அவள் வாயில் அந்தக் கேள்வி தயாராக இருப்பது போலத் தோன்றியது. நீங்கள் இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கலாம். ஒரு மனிதனுக்கு ஒரே ஒரு இடத்தில்தான் மதிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சொல்லுங்கள்.

லென்ஸ் கடையிலிருந்தே கத்தினான். "ஆந்தை, நான்தான் வரேன். நாப்பது நாளா உன்னைக் கொண்டு போய் அடைச்சு வச்சவன் நான். எனக்குத்தான் முதல் உரிமை. வெள்ளிக்கிழமை கடை லீவு, அன்னைக்கு மாத்திப்போம். நான் உள்ள, நீ வெளிய."

வெள்ளிக்கிழமையைச் சொன்னது அவன். நான் சொல்லவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

கடல் ஏறி இறங்கும் நேரங்களை நான்தான் பார்த்துச் சொல்வேன். அவன் அந்த அட்டவணையைப் பார்த்ததே இல்லை. "நேரமெல்லாம் ஆந்தை பாத்துக்கும்" என்பான். சாதாரண நாட்களில் ஏற்றத்தின்போது தண்ணீர் கீழ்த்திட்டின் விளிம்போடு நின்றுவிடும். ஒருமுறை டாக்டர் நேரம் தவறி மாலைவரை பெட்டியில் உட்கார்ந்திருந்தார், பசியைத் தவிர வேறொன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அமாவாசை. அந்தக் கோடையின் மிகப் பெரிய ஏற்றம், பகல் ஒரு மணிக்கு. அட்டவணையில் அந்த எண்ணைப் பார்த்தேன். திட்டின் உயரத்தை அதிலிருந்து கழித்தேன். பெட்டியின் கூரைக்கு மேல் ஒரு சாண் வந்தது. வேறு எதையும் அப்போது நினைக்கவில்லை. கழித்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குக் கற்களின் மேல் நடந்தோம். அவன் முன்னால், நான் பின்னால்.

"கண்ணு ஏன்டா இப்படிச் சிவந்திருக்கு? தூங்கலையா?"

"தூங்கலை."

"பரீட்சைக்குப் போற பையன் மாதிரி இருக்க. கூடு என்ன, எழுந்து ஓடியா போயிடும்?" கொஞ்ச தூரம் போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். திரும்பாமலே பேசினான். "இல்லேன்னாலும் என்ன குடி முழுகிடுது? உன் இடது கண்ணு பவர் எனக்குத் தெரியாதா? அதை வச்சுக்கிட்டு என்னைப் பாத்தே ஆமைன்னு எழுதியிருப்ப."

"நீ பாக்கலைன்னா என்ன எழுதுவ?"

"பாத்ததை எழுதுவேன். வேற என்னத்தய்யா எழுதுறது?"

பெட்டிக்குள் நுழைய அவன் கஷ்டப்பட்டான். கதவு அளவு சிறியது. "இதுக்குள்ளயா நாப்பது நாள் இருந்த? நீ ஆந்தை இல்லடா, பெருச்சாளி" என்றான். தொலைபேசியை எடுத்து என் கையில் வைத்தான். நோட்டு, பென்சில், அவை நனையாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் டப்பா. எல்லாவற்றையும் மடியில் அடுக்கிக்கொண்டு மேலே பார்த்தான்.

"ஒன்பது மணி. தூங்கிடாதடா."

"மாட்டேன்."

தாழிட்டேன். நான் கரைக்குத் திரும்பும்போது வண்டி நிறுத்தத்தின் காவலாளி கையசைத்தார். இரண்டு பேர் போய் ஒருவர் திரும்புவதை நாற்பது நாளாகப் பார்க்கிறவர். பத்து நிமிடத்தில் பறவைகள் அமைதியாயின.

கரையில் ஒரு மேடு இருக்கிறது. அங்கே குழுவின் தொலைநோக்கியை நிறுத்தி உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்கு எழுந்தேன். நான் எழுந்தேன் என்பதை நீங்கள் நம்ப வேண்டும். கற்கள் வரை போனேன். அப்போது அந்தக் கதவைத் திறந்தால் உள்ளேயிருந்து என்னைப் பார்க்கப்போகும் முகத்தை நினைத்தேன். கோபமாக இருந்தால் தாங்கியிருப்பேன். சிரித்தபடி, தோளைத் தட்டி, "விடுய்யா, போட்டும்" என்று சொல்லும் முகம். என் வாழ்க்கையில் நான் எதற்கும் அப்படிப் பயந்ததில்லை. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். இன்னும் ஐந்து நிமிடம் கழித்துப் போகலாம் என்று நினைத்தேன்.

ஒன்பதரைக்குக் கற்கள் மூழ்கின.

அப்போதும் ஒன்றும் நடந்துவிடவில்லை. துறைமுகத்தில் மீட்புப் படகு இருக்கிறது, இருபது நிமிடத்தில் வரும், எண் என் தொலைபேசியில் இருந்தது. அதை நான் மறக்கவில்லை. அது இருக்கிறது என்பதே எனக்கு ஒரு ஆறுதலாக இருந்தது. எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்பதால் இப்போதே கூப்பிட வேண்டியதில்லை.

பத்தேகாலுக்கு அவன் தொலைபேசி என் பையில் அடித்தது. திரையில் "வீடு" என்று வந்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவன் மனைவிக்குப் பொறுமை அதிகம், ஐந்து தடவை அழைத்தார். பையை மணலில் புதைத்து வைத்தேன்.

பத்து நாற்பதுக்குக் காவலாளி மேட்டை நோக்கி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டுச் சாய்ந்துகொண்டேன். பக்கத்தில் நின்றார். அவர் மூச்சு வாங்குவது கேட்டது. "சார்" என்றார் ஒருமுறை, மெதுவாக. பிறகு தனக்குத்தானே, "பாவம், நல்ல தூக்கம்" என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார். அவர் உங்களிடம் சொன்னது பொய் இல்லை. அவருக்கு நான் தூங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் போனதும் தொலைநோக்கியில் கண்ணை வைத்தேன். பத்து நாற்பத்து நான்கு, பறவைகள் அமைதி என்று எழுதினேன்.

ஏன் எழுதினாய் என்று மூன்று நாளாகக் கேட்கிறீர்கள். பதினோரு வருடம் அரை மணிக்கு ஒருமுறை எழுதியவன் நான். கண் முன்னால் ஒன்று நடக்கும்போது நேரம் போடாமல் இருக்க எனக்குத் தெரியாது.

பதினொன்று பத்துக்குத் திட்டின் மேல் தண்ணீர் வந்தது. பதினொன்று இருபத்தைந்துக்குப் பெட்டியின் அடி நனைந்தது. பறவைகள் அமைதி. அவன் அசையவில்லை என்று அர்த்தம். பதினொன்று நாற்பதுக்குக் கீறலிலிருந்து வெள்ளையாக ஏதோ வெளியே வந்து அசைந்தது. கைக்குட்டை. பறவைகள் எழும்பிவிடக்கூடாது என்று மெதுவாக ஆட்டினான், ஒருபக்கம், பிறகு மறுபக்கம். பக்கத்திலேயே, தண்ணீர் எட்டாத மேல்பாறையில் குஞ்சுகள் இருந்தன. ஒன்றுகூட ஓடவில்லை. அவ்வளவு கவனமாக ஆட்டினான். தண்ணீர் அப்போது அவன் முழங்காலுக்கு வந்திருக்கும்.

உண்மையைச் சொன்னால், அவன் அவ்வளவு நேரம் பொறுப்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பன்னிரண்டு ஐந்துக்கு எல்லாப் பறவைகளும் ஒரே நேரத்தில் எழும்பின. அறுநூறு மீட்டர் தூரத்துக்கு மனிதக் குரல் வராது. பறவைகளின் சத்தம் மட்டும் வந்தது. பாறைக்கு மேலே வெள்ளையாக ஒரு சுழல் சுழன்றுகொண்டே இருந்தது. குஞ்சுகள் விளிம்புக்கு ஓடின. பதினான்கு குஞ்சு தண்ணீரில் விழுந்ததை எண்ணினேன். அந்த வரியில் மட்டும் கையெழுத்து மோசமாக இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பன்னிரண்டு முப்பத்தொன்றுக்குப் பறவைகள் அமைதியாயின. அதையும் எழுதினேன்.

இரண்டு மணிக்குக் காவலாளியிடம் ஓடினேன். தூங்கிவிட்டேன் என்று சொன்னேன். அழுதேன். அந்த அழுகை நடிப்பு இல்லை. எல்லாரும் நம்பினார்கள். அக்கா என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அடுத்த நாள் முழுதும் உட்கார்ந்திருந்தாள். லென்ஸின் மனைவிகூட, "அவருக்குத் தெரியும்ணே, நீங்க பகல்ல தூங்குறவர்னு" என்றார். அண்ணே என்று அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்தார். பட்டியலுக்காக என் நோட்டைச் சனிக்கிழமையே வாங்கிப் போயிருந்தார். அந்தப் பக்கத்தைக் கிழித்திருக்கலாமே என்று உங்கள் ஏட்டு கேட்டார். பக்கங்களுக்கு எண் போட்டிருக்கிறேன். நடுவில் ஒன்று இல்லாவிட்டால் அதற்குப் பெயர் பதிவா?

டாக்டர் உட்காரவில்லை. நோட்டைத் திறந்து பிடித்தபடி வாசலிலேயே நின்றார்.

"ஆந்தை, அன்னைக்கு நீங்க தூங்கிட்டிருந்தீங்க இல்ல?"

"ஆமா டாக்டர்."

"அப்ப இதை யாரு எழுதினது?"

அக்கா சமையலறையிலிருந்து வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் எதுவும் கேட்கவில்லை.

இவ்வளவுதான் நடந்தது. நான் அவனைத் தொடவில்லை, தள்ளவில்லை. தாழிட்டது விதிப்படி. தொலைபேசியை வாங்கியது விதிப்படி. ஒன்பது மணிக்குப் போகாதது மட்டும்தான் என் தவறு என்று முதலில் சொன்னேன். நேற்று நீங்கள் அதை ஏற்கவில்லை. சரி, நீங்கள் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். நான் அவனைக் கொன்றேன். அவன் உயிரோடு திரும்பி வந்து கூடு இல்லை என்று சொல்லிவிடக்கூடாது என்பதற்காகத் தெரிந்தே கொன்றேன். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் நேற்று நீங்கள் அந்த பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து அவன் நோட்டைப் படித்துக் காட்டினீர்களே, அதைப் பற்றி நாம் பேச வேண்டும். ராத்திரி முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஏழு ஐம்பதுக்கு அவன் எழுதியிருக்கிறான், ஆலா அறுநூற்றுப் பன்னிரண்டு. எட்டு இருபதுக்கு எழுதியிருக்கிறான்: "ரோஜா ஆலாக் கூடு பாத்தேன். குஞ்சு ரெண்டு. ஆந்தை சொன்னது சரி. கேள்விக்குறி வேண்டாம்." கீழே கையெழுத்து, தேதி. பத்தரைக்கு, "ஆந்தையைக் காணோம், தூங்கிட்டான் போல." பதினொன்று முப்பதுக்கு, "தண்ணி உள்ள வருது. கத்தினா குஞ்சுங்க விழும். பொறுத்துப் பாக்குறேன்." அதற்குப் பிறகு டப்பாவை மூடிவிட்டான்.

எட்டு இருபது என்பதைக் கவனித்தீர்களா? அப்போது கடல் வற்றிக் கிடந்தது. யாரும் அவனைப் பயமுறுத்தவில்லை. அதை எழுதி முடித்துவிட்டு நான் கதவைத் திறக்கும்வரை காத்திருந்தான்.

நீங்கள் அதற்கு ஒரு விளக்கம் சொன்னீர்கள். கூடு இல்லை என்று பார்த்துவிட்டு, என் மானம் போகக்கூடாது என்று எனக்காக அவன் பொய் எழுதினான் என்றீர்கள். சொல்லிவிட்டு என்னையே ரொம்ப நேரம் பார்த்தீர்கள். அது தவறு. அவனை உங்களுக்குத் தெரியாது. முகத்துக்கு நேராக மீன் தொட்டி என்று சொன்னவன் அவன். பார்த்ததைத்தான் எழுதுவேன் என்று அன்று காலையில் என்னிடமே சொன்னான். அவனுக்குப் பொய் வராது. ஊரில் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள்.

நீங்கள் சொல்வது மாதிரி இருந்தால், ஒன்பது மணிக்கு நான் அந்தக் கதவைத் திறந்திருந்தால் போதும் என்றாகிவிடும். அப்படி இருக்க முடியாது.

என் இடது கண் சரியில்லை. நாற்பது நாளும் நான் தப்பாகப் பார்த்திருக்கிறேன், அவன் முதல் நாளே சரியாகப் பார்த்துவிட்டான். கண்ணாடிக்காரன் அல்லவா. ஆகவே கூடு இருக்கிறது. இரண்டு பேர் பார்த்தாகிவிட்டது. டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

நாளைக்குப் பெட்டியைக் கழற்றி எடுக்கப் பத்துப் பேர் பாறைக்குப் போகிறார்கள் என்று வெளியே பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. தயவுசெய்து நிறுத்திவையுங்கள். குஞ்சுகளுக்கு இன்றைக்குப் பத்தொன்பது நாள்தான் ஆகிறது, பறக்க இன்னும் ஒரு வாரமாவது வேண்டும், சின்னது வேறு ரொம்பச் சோணி.